பிரின்டர் டிரைவர் தேடினேன், 180,000 ரூபா போய்விட்டது: அறை வாடகைக்கு விடுபவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

நானும் கணவரும் திருகோணமலை உப்புவெளியில் நான்கு அறைகள் உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை நடத்துகிறோம். வெளிநாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் யோசிக்காமல் எடுப்பது எங்கள் தொழில். எடுக்காவிட்டால் ஒரு புக்கிங் போய்விடும். நிலாவெளி வரைக்கும் அறை வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் இதுதான் நிலைமை. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசி. சீசன் தொடங்கப்போகிறது. பற்றுச்சீட்டு அடிக்கிற பிரின்டர் வேலை செய்யவில்லை. கூகுளில் மொடல் இலக்கத்தைப் போட்டு டிரைவர், அதாவது பிரின்டரைக் கணினியோடு வேலை செய்ய வைக்கிற மென்பொருள், தேடினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். அதற்கு மேலே சின்ன எழுத்தில் விளம்பரம் என்று இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. பக்கம் முழுக்க அந்தப் பிரின்டர் கம்பனியின் சின்னம், நிறம், எல்லாம் அச்சு அசல். மொடலைக் கொடுத்ததும் பச்சைக் கோடு ஓடியது. பாதியில் நின்று சிவப்பில் ஒரு பிழை காட்டியது. கீழே, உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள், எங்கள் டெக்னீஷியன் அழைப்பார் என்று இருந்தது. கொடுத்தேன். டிரைவர் எதுவும் அங்கே இல்லவே இல்லை என்பதும், அந்தப் பிழை எல்லோருக்கும் வருகிற வெறும் படம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் அழைப்பு. படத்தில் அதே சின்னம். ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகக் கதைத்தான். என் கணினியைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொன்னான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல வேலைக்காகச் செய்யப்பட்டவை, கம்பனிகளில் தினமும் பாவிக்கிறார்கள். ஆனால் அதில் வருகிற இலக்கத்தை ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அனுமதி என்பதையும் அழுத்தினால், வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி. நான் இரண்டையும் செய்தேன்.

அதற்குப் பிறகு பிரின்டரைப் பற்றிக் கதையே இல்லை. திரையில் ஒரு பட்டியலைத் திறந்தான். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கான வரிகள். “மேடம், இவ்வளவும் வைரஸ், உங்கள் விருந்தினர்களின் பாஸ்போர்ட் விவரங்கள் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன” என்றான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பாஸ்போர்ட் பிரதிகள் உண்மையாகவே அதே கணினியில்தான் இருக்கின்றன. பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்துகள் ஓடி நின்றதும் கடைசியில் இருந்த நீண்ட இலக்கத்தைக் காட்டினான். “இது உங்கள் கணினியின் தனி அடையாள இலக்கம், நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்.” ஒன்று விடாமல் சரியாகச் சொன்னான். என் சந்தேகம் அந்த இடத்தில்தான் போனது.

மூன்று வருடப் பாதுகாப்புக்கு 299 டொலர் என்றான். நம் காசில் கிட்டத்தட்ட 90,000 ரூபா. கார்ட் இலக்கத்தை அவன் திறந்து தந்த பக்கத்தில் அடித்தேன். காசு போக அனுமதிக்கிறதற்காக வங்கி போனுக்கு அனுப்புகிற ஒருமுறை இலக்கமான ஓடீபீயையும் வாசித்தேன். “போகவில்லை மேடம், இன்னொரு தடவை” என்றான். இரண்டாவதையும் வாசித்தேன். இரண்டு தடவையும் காசு போயிருந்தது. மூன்றாவது குறுஞ்செய்தி வந்தபோது கணவர் பக்கத்தில் வந்து போனை வாங்கி முழுவதையும் வாசித்தார். தொகை, கடையின் பெயர், இந்த இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற வரி, எல்லாம் அதிலேயே இருந்தது. நான் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றும் கதைக்காமல் போய் ரூட்டரின் வயரைப் பிடுங்கினார்.

அடுத்த நாள் பாலையூற்றிலிருந்து அக்காவின் மகன் வந்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத தன் லேப்டாப்பை விறாந்தை மேசையில் வைத்து, “சித்தி, இதைப் பாருங்கோ” என்று அதே பட்டியலைத் திறந்தான். இவென்ட் வியூவர் என்று பெயர். அதே சிவப்பு வட்டங்கள், அதே மஞ்சள் முக்கோணங்கள். விண்டோஸ் தன் வேலையில் வருகிற சின்னச் சின்னத் தடங்கலையெல்லாம் அங்கே எழுதி வைக்குமாம், நல்ல கணினியிலும் அப்படித்தான் இருக்குமாம். பிறகு கறுப்புத் திரையில் அசோக் என்று கேட்கிற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் அடித்தான். எழுத்துகள் ஓடின. கடைசிப் பக்கம் அந்த இலக்கம், 888 என்று தொடங்கி 062 என்று முடிகிறது. என்னுடையதிலும் அதுவேதான். உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியிலும் அது ஒன்றுதானாம். நான் அந்த மேசையில் வெகுநேரம் இருந்தேன். அன்று அழைத்தவனுக்கு என் கணினியைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

இதே ஆட்கள் வேறு வழியிலும் வருவார்கள். திடீரென்று திரை முழுக்க நீலப் பக்கம், சைரன் சத்தம், கணினியை அணைக்காதே, இந்த இலக்கத்துக்கு எடு என்று ஒரு குரல். மைக்ரோசொஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் போடுவதில்லை, தானாக அழைத்து உங்கள் கணினியில் வைரஸ் என்று சொல்வதுமில்லை. அப்படி ஒன்று வந்தால் அதில் எதையும் அழுத்தாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கிற டாஸ்க் மனேஜர் பட்டியலில் பிரவுசரைத் தெரிந்து மூடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், ஒன்றும் ஆகாது. டிரைவர் வேண்டுமென்றால் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள கம்பனி முகவரியை நீங்களே எழுத்தெழுத்தாக அடித்துப் போங்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அடுத்தது கார்டின் பின்பக்கத்தில் உள்ள வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து கார்டை நிறுத்துங்கள், இரவு என்று பார்க்க வேண்டாம். ஈமெயில், புக்கிங் கணக்கு, வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் வேறு போனிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணினியில் மாற்றினால் பயனில்லை. நாங்கள் பிறகு விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டோம். பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்கினோம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அறிவித்தோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, ஆகவே இது என்ன முறைப்பாடு என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

வங்கியில் மறுப்புப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஓடீபீயை நீங்களே கொடுத்தபடியால் கஷ்டம் என்கிறார்கள். ஒரே தொகை, ஒரே கடை, நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை போனதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

மூன்று கிழமை கழித்து இன்னொரு அழைப்பு வந்தது. இந்த முறை ஒரு பெண். என் பெயர், தொகை, திகதி எல்லாம் சரியாகச் சொல்லி, உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், அந்தச் செயலியை மறுபடி இறக்கி வங்கிப் பக்கத்தைத் திறவுங்கள் என்றாள். இதுதான் இரண்டாம் சுற்று. திரையில் தெரிகிற தொகையை மாற்றிக் காட்டி, தவறுதலாகக் கூடப் போட்டுவிட்டோம், மிச்சத்தை அனுப்புங்கள் என்று அழுவார்கள் என்று அக்காவின் மகன் முன்பே சொல்லி வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். அந்த இலக்கத்தையும் மறுநாள் பொலிஸில் கொடுத்து முறைப்பாட்டோடு சேர்க்கச் சொன்னேன்.