பசாலியாவா, மெக்கல்லமா?

கனடிய கால்பந்தில் (கையில் ஏந்தியும் ஓடும், அமெரிக்கக் கால்பந்து போன்ற ஆட்டம்) 40 வயதைத் தாண்டியும் உதைத்தவர்களில் லூயி பசாலியா, பால் மெக்கல்லம் இருவரையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது.

பசாலியா 1976 முதல் 2000 வரை 25 பருவங்களும் பி.சி. லயன்ஸ் அணிக்கே ஆடினார். மொத்தம் 3,991 புள்ளிகள். ஃபீல்ட் கோலோடு (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) பண்ட் உதையும் (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்புவது) அவர் வேலைதான். இரண்டும் வேறு வேறு உதை: ஒன்றில் தரையில் நிறுத்திய பந்து, மற்றதில் கையிலிருந்து விடும் பந்து. ஒரே காலுக்கு இரட்டைச் சுமை. 1994 கிரே கோப்பையில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், கடைசி நொடியில் 38 யார்டிலிருந்து அடித்து, பால்டிமோரை 26-23 என வீழ்த்தினார்.

மெக்கல்லத்தின் பலம் தூரமும் துல்லியமும். 2001இல் சஸ்காட்செவன் அணிக்காக 62 யார்டு ஃபீல்ட் கோல். 2011இல் லயன்ஸுக்காக 53 முயற்சியில் 50. ஆனால் 2004 மேற்குப் பிரிவு இறுதியில், சஸ்காட்செவனுக்கு ஆடியபோது, கூடுதல் நேரத்தில், வெறும் 18 யார்டு தவறியது. அப்போது கனடாவில் கோல் கம்பங்கள் கோல் கோட்டிலேயே நின்றதால் இவ்வளவு கிட்டத்து உதை சாத்தியமானது. கிட்டத்திலிருந்து பக்கவாட்டில் உதைத்தால் கோணம்தான் கெடுக்கும்.

இன்னொன்று: கனடாவில் தவறிய உதைக்கும் ஒரு புள்ளி கிடைக்கலாம், எதிரணி பந்தை எண்ட் ஸோனிலிருந்து (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) வெளியே கொண்டுவராவிட்டால். பசாலியாவின் கணக்கில் இப்படியும் பண்ட் உதையிலும் சேர்ந்த ஒற்றைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில். அதனால் மொத்தப் புள்ளியை மட்டும் வைத்துத் துல்லியத்தை எடைபோடக் கூடாது.

ஒரே ஒரு நீண்ட உதைக்கு மெக்கல்லம். 25 ஆண்டுக்கு என்றால், தயங்காமல் பசாலியா.