கார் பின்னாடி ஒரு பக்கம் இறங்கிருச்சா? ஸ்ப்ரிங்கா புஷ்ஷா

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒர்க்‌ஷாப்ல கேட்டா முதல்ல அப்சார்பர மாத்துன்னுதான் சொல்வாங்க, ஆனா காரைத் தாங்குறது ஸ்ப்ரிங்தான்ங்க, அப்சார்பர் ஆட்டத்தை அடக்குறதோட சரி.

ஸ்ப்ரிங் போயிருந்தா, பெரும்பாலும் அது உக்கார்ற தட்டுல படுற கடைசி சுத்துலதான் பெயிண்ட் உரிஞ்சு துரு ஏறி ஒடஞ்சிருக்கும், டயரக் கழட்டி டார்ச் அடிச்சாதான் தெரியும். டவுட்டா இருந்தா இடது வலது மாத்திப் போட்டு பாருங்க, சாய்வும் பக்கம் மாறுச்சுன்னா ஸ்ப்ரிங்கேதான். மாத்துனா ஜோடியா மாத்தணும். ஹாஃப்-கட் கடைல (பழைய கார வெட்டி பார்ட்ஸ் விக்கிற கடை) ஒத்தையா வாங்காதீங்க, அது எவ்ளோ ஓடுனதுன்னு யாருக்குத் தெரியும்.

புஷ் கேஸ் வேற, அது சக்கரத்தை பாடியோட சேக்குற ஆர்ம் மூட்டுல இருக்குற ரப்பர். ஜாக்கில தொங்கும்போதே ஆர்ம் போல்ட்ட முழுசா டைட் பண்ணிட்டா ரப்பர் முறுக்கிக்கிட்டு அந்தப் பக்கம் தூக்கலா நிக்கும், நாம மத்த பக்கம் இறங்கிருச்சுன்னு நெனைப்போம். காரை சக்கரத்துல நிக்க வெச்சு லூஸ் பண்ணி மறுபடி டைட் பண்ணா போதும், லேபர் காசுதான். சமீபத்துல ஆர்ம் கழட்டுன வண்டின்னா நான் இதத்தான் முதல்ல பாப்பேன்.

அளக்குறது சக்கர நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும், சமதரைல. மால் பார்க்கிங் வேணாம், தண்ணி ஓட சரிவு வெச்சிருப்பான்.