பழைய பீட்டில் எஞ்சினுக்கு டோக்ஹவுஸ் ஒயில் கூலர்: வாங்கலாமா?

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி, பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்போருக்கு நன்கு பழக்கமான பரீட்சை. என்னுடைய 1968ஆம் ஆண்டு 1500 சிசி காரில், றம்பொடை வளைவுகளை எட்டுவதற்குள் ஒயில் வெப்பமானியின் முள் 120 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால், ஒயில் நீர்த்துப்போனதன் அடையாளமாக அழுத்த விளக்கு மினுங்கும். இதற்குப் பரிகாரமாக விற்கப்படும், ஒயிலைக் குளிர்விக்கும் கூலரை விசிறிக் கூட்டுக்கு வெளியே தனியாக வைக்கும் டோக்ஹவுஸ் கூலர் தொகுதியைப் பொருத்தி, சமவெளியிலும் மலையிலும் போதிய அளவு ஓட்டிப் பார்த்த பின்னர் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், கார் ஓடினாலே அது குளிர்ந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். பீட்டிலின் எஞ்சினோ பின்பக்கம் மூடிய அறைக்குள் இருக்கிறது. எதிர்காற்று அதைத் தொடுவதே இல்லை. ஜெனரேட்டரின் அச்சில் பூட்டிய விசிறி, மேலிருந்து காற்றை இழுத்து, ஷ்ரவுட் எனப்படும் தகட்டுக் கூட்டின் வழியாக நான்கு சிலிண்டர்களைச் சுற்றியுள்ள உலோகச் செதில்களுக்கு இடையே கீழ்நோக்கித் தள்ளுகிறது. பழைய அமைப்பில் ஒயில் கூலர் அந்தக் கூட்டுக்குள்ளேயே, இடப்பக்கத்தில், மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கும். ஆகவே மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைப்பது, கூலர் ஏற்கெனவே மறித்துச் சூடாக்கிய காற்று. ஒயில் எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சிலிண்டரும் தவிக்கும். அங்கே வெளியேற்று வால்வு உடைந்து எஞ்சின் நாசமான கதைகளை எந்தப் பழைய மெக்கானிக்கிடமும் கேட்கலாம். 1971 மொடல் ஆண்டிலிருந்து தொழிற்சாலையே கூலரைக் கூட்டுக்கு வெளியே நகர்த்தி, அதற்குத் தனிக் காற்றுவழி அமைத்து, விசிறியையும் அகலமாக்கியது. நான் வாங்கிய தொகுதி அந்த அமைப்பின் நகல்.

ஷ்ரவுட், அகலமான விசிறி, அலுமினியக் கூலர், அதைத் தாங்கும் இடைத்துண்டு, கூலரிலிருந்து வரும் சூடான காற்றை எஞ்சினுக்குக் கீழே வெளியேற்றும் தகடுகள் ஆகியவை இதில் அடங்க வேண்டும். "அடங்க வேண்டும்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விலை குறைந்த தொகுதிகள் பலவற்றில் அந்தக் கடைசித் தகடுகள் இரா. அவை இல்லாவிட்டால் கூலரைக் கடந்த வெந்த காற்று எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டும். விசிறி அதையே மீண்டும் இழுக்கும். செலவழித்த காசு முழுவதும் வீண்.

ஷ்ரவுட்டை வாங்குமுன் தலைகீழாகப் பிடித்து உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அசல் கூட்டுக்குள் வளைந்த தகடுகள் பல பற்றவைக்கப்பட்டிருக்கும். விசிறியிலிருந்து சுழன்று வரும் காற்றை இரு பக்கத்துக்கும் அளவாகப் பிரித்துக் கொடுப்பவை அவைதாம். கடையில் எனக்கு முதலில் காட்டப்பட்ட, குரோம் பூசிப் பளபளத்த கூட்டின் உள்ளே கையை விட்டால் வழுவழுப்பான வெறும் சுவரே தட்டுப்பட்டது. அழகைக் காட்டித் தலையில் கட்டப் பார்க்கும் பொருள் அது. நான் எடுத்தது கறுப்பு வர்ணம் பூசியது. வளைதகடுகள் யாவும் உரிய இடத்தில் இருந்தன. பற்றுவைப்பு ஒன்றிரண்டு இடங்களில் கரடுமுரடாக இருந்ததையும், ஓரத் துளையொன்று நேராக அமையாததால் அரம் போட்டுச் சரிசெய்ய நேர்ந்ததையும் குறையாகச் சொல்லலாம்.

பொருத்துவதற்கு எஞ்சினை இறக்கிவிடுவதே உத்தமம். எஞ்சின் உடலில் கூலருக்குச் செல்லும் ஒயில் துளைகள் பழைய வகையில் 8 மில்லிமீற்றராகவும் பின்னைய வகையில் 10 மில்லிமீற்றராகவும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் படிவைத்த இறப்பர் சீல்களைக் கேட்டு வாங்க வேண்டும். தொகுதியோடு வந்த சீல்கள் என் எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. எஞ்சின் கீழே இருக்கும்போதே சிலிண்டர் ஹெட்டுகளின் செதில்களையும் பார்த்துவிடுவது நல்லது. நகல் ஹெட்டுகளில் வார்ப்பின்போது வழிந்த உலோகம் செதில்களுக்கு இடையே மெல்லிய திரைபோல உறைந்து நிற்பதுண்டு. கம்பியை விட்டுப் பார்த்து, அடைத்திருந்தால் அரத்தால் திறக்கலாம். ஒயிலும் தூசியும் சேர்ந்து இறுகிய அழுக்கும் இதே கெடுதலைச் செய்யும்.

பலன் கண்கூடாகத் தெரிகிறது. அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு, ஒயில் இப்போது 110 பாகையை ஒட்டியே நிற்கிறது. அதைவிட முக்கியமாக, மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வைத்திருக்கும் உணரி, மற்றச் சிலிண்டர்களுக்கு அண்மையான வெப்பத்தைக் காட்டுகிறது. கொழும்பு நெரிசலில் வித்தியாசம் குறைவு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும். அதற்கு எந்தக் கூலரும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திணறவிடாமல் இரண்டுக்கு இறக்கி எஞ்சினை உற்சாகமாகச் சுழலவிட வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கும் இதுவே காரணம்.

மின்விசிறியுடன் கூடிய வெளிக் கூலரையே பொருத்தும்படி கராஜ்களில் பரிந்துரைப்பார்கள். எஞ்சினின் அளவைக் கூட்டியவர்களுக்கு அது தேவைப்படலாம். சாதாரண 1500, 1600 எஞ்சினுக்கு நீண்ட ஒயில் குழாய்களும் அவற்றின் மூட்டுகளில் கசிவு வரும் அபாயமும் எதற்கு? ஒயிலை மட்டும் குளிர்வித்து, மூன்றாம் சிலிண்டரை வெந்த காற்றிலேயே விட்டுவைக்கும் வேலை அது.

வெப்பநாட்டுக்குத் தேவையில்லை என்று, ஷ்ரவுட்டுக்குள் காற்றைத் திருப்பும் மடல்களையும் வெப்பத்துக்கேற்ப அவற்றைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறியும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது. தெர்மோஸ்டாட் பழுதென்றால் மடல்கள் திறந்தபடி நிற்குமாறு விட்டுவிடலாம். மடல்களையே அகற்றுவது தவறு. எஞ்சின் சூடேறும்வரை காற்றை மட்டுப்படுத்துவதோடு, திறந்த பின் காற்றை ஹெட்டுகளின் பக்கமும் கூலரின் பக்கமும் திருப்பிவிடுவதும் அவற்றின் வேலைதான். நுவரெலியாவின் குளிர்ந்த காலையில் தெர்மோஸ்டாட்டின் அருமையும் விளங்கும்.

எஞ்சின் தகடுகளைச் சுற்றியுள்ள இறப்பர் சீல் வெடித்திருந்தாலோ, ஹீற்றரை அகற்றிவிட்டு ஷ்ரவுட்டின் குழாய்வாய்களை அடைக்காமல் விட்டிருந்தாலோ, இந்தத் தொகுதிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அவற்றைச் சீர்செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம், காபரேற்றரின் கலவை, 0.15 மில்லிமீற்றர் வால்வு இடைவெளி ஆகியவையும் அப்படியே. இவற்றில் கோளாறு இருக்கும் எஞ்சின், டோக்ஹவுஸ் போட்டாலும் கொதிக்கத்தான் செய்யும். 1971 மொடலோ அதற்குப் பிந்தியதோ ஆன எஞ்சின் உள்ளவர்கள் முழுத் தொகுதியையும் வாங்க வேண்டியதில்லை. கீழே காற்றை வெளியேற்றும் தகடுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து, இல்லையென்றால் அவற்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.