பெருவிரல் வளைவு: சிலிக்கான் பிரிப்பான், இரவுப் பட்டை, எம்.சி.ஆர். செருப்பு

என் தாயாருக்கு இரண்டு கால்களிலும் பெருவிரல் அடுத்த விரலின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு உட்புறமாகப் புடைத்திருக்கிறது. மருத்துவர்கள் இதை ஹாலக்ஸ் வால்கஸ் என்றும், அந்தப் புடைப்பைப் புனியன் என்றும் சொல்கிறார்கள். நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் சாய்வுக் கோணம் 15 பாகைக்கு மேல் இருந்தால் இயல்புக்கு மாறானதாகவும், 40 பாகையைத் தாண்டினால் கடுமையானதாகவும் கொள்வார்கள். அம்மாவுடையது நடுத்தர நிலை. இணையத்தில் வாங்கிய இரண்டு சாதனங்களையும், மருத்துவர் சொல்லி வாங்கிய செருப்பையும் அவர் தொடர்ந்து பயன்படுத்தி வருவதைக் கூடவே இருந்து பார்த்த அளவில் இதை எழுதுகிறேன்.

பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையில் செருகும் சிலிக்கான் பிரிப்பான் விலை குறைவு. கழுவிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். விரல்கள் ஒன்றோடொன்று உரசுவது நிற்பதால் எரிச்சல் உண்மையாகவே குறைகிறது. ஆனால் நம் ஊர்ப் பெண்களின் காலை மனத்தில் வைத்து அதை யாரும் வடிவமைத்ததாகத் தெரியவில்லை. மெட்டி அணிந்த இரண்டாம் விரலில் பிரிப்பான் மெட்டியின் விளிம்போடு அழுந்தி, தோல் சிவந்துவிட்டது. ஹவாய் செருப்பின் வார் நுழைகிற அதே இடைவெளியில்தான் இதுவும் உட்கார வேண்டும் என்பதால், இரண்டையும் ஒன்றாகப் போட வழியில்லை. முன்பக்கம் குறுகிய ஷூவுக்குள் போட்டாலோ, ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் பருமன் சேர்ந்து சுண்டுவிரல் வரை நெருக்குகிறது. ஆகவே வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

வெல்க்ரோ வைத்த இரவுப் பட்டை அத்தனை பயன் தரவில்லை. கட்டியிருக்கும்வரை விரல் நேராக நிற்கிறது. காலையில் கழற்றியதும் பழையபடி சாய்கிறது. 'சில வாரங்களில் விரல் நேராகிவிடும்' என்ற விளம்பர வாசகத்தை நம்பி யாரும் பணம் கொடுக்க வேண்டாம். எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்ட பெரியவர்களுக்கு எந்தப் பட்டையும் எலும்பின் அமைப்பை மாற்றித் தருவதில்லை; வலி சற்றுத் தணியலாம், அவ்வளவுதான்.

உண்மையான நிம்மதி கிடைத்தது எம்.சி.ஆர். செருப்பில். மைக்ரோசெல்லுலார் ரப்பர் எனப்படும் இந்த மென்மையான அடித்தளம், தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்காகப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருவது. அழுத்தத்தை ஒரே இடத்தில் குவியவிடாமல் பாதம் முழுவதும் பரப்புகிறது. பெருவிரலுக்குத் தனி வளையம் வைத்த மாதிரியைத் தவிர்த்து, அகலமான இரண்டு பட்டைகளும் பின்வாரும் உள்ளதை வாங்கினோம். தோற்றம் அழகாக இல்லை என்று அம்மா முதலில் முகம் சுளித்தார். இப்போது கோயிலுக்கும் கடைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போகிறார். வாங்குமுன் ஒரு காகிதத்தின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து கடைக்குக் கொண்டு போங்கள். அதன்மேல் செருப்பை வைக்கும்போது கோடு வெளியே தெரிந்தால், கடைக்காரர் 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று எவ்வளவு சொன்னாலும் அந்த ஜோடி வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் பிரிப்பானையோ பட்டையையோ தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. உணர்ச்சி குறைந்த காலில் அது அழுத்திப் புண்ணாக்கினாலும் வலி தெரியாது. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டுச் செய்யும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.

சுத்தியல் விரல் எனப்படும், நடுமூட்டு மடங்கிய சிறு விரல்களுக்கு வேறு கணக்கு. கையால் நீட்டினால் நீளும் விரலுக்கு டேப் ஒட்டுவதும், உயரமான முன்பக்கம் கொண்ட ஷூவும் உதவும். இறுகிப்போன விரலை அவை நேராக்காது. மடிப்பின் மேல் வரும் கால் ஆணியை உரசலிலிருந்து காக்க ஜெல் உறை போடலாம்.

வளைவையே திருத்துவது அறுவை சிகிச்சை ஒன்றுதான். நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எலும்பை வெட்டி நகர்த்தித் திருகாணியால் பொருத்துகிறார்கள். பொதுவாக ஆறு வாரங்கள் தனிக் காலணியோடு நடக்க வேண்டும், வீக்கம் முழுதும் வடியப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு வளைவு திரும்பவும் வருகிறது. அழகுக்காக மட்டும் இதைச் செய்துகொள்ளக் கூடாது என்று எங்கள் எலும்பு மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அகலமான செருப்புக்கு மாறிய பிறகும் அன்றாட நடையைத் தடுக்கும் அளவு வலி இருந்தால் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இதுவரை அந்தத் தேவை வரவில்லை.