பழைய காருக்கு ஆக்சிஜன் சென்சார்: பிளக்கோடு வருவதா, யூனிவர்சலா?

பழைய சான்ட்ரோ, ஆல்டோ போன்ற கார்களில் செக் என்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0135 காட்டினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். அது ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட் கோளாறு. ஃபியூஸையும் வயரிங்கையும் முதலில் பாருங்கள். அவை சரியென்றால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். எதை வாங்குவது: உங்கள் காருக்கான பிளக்கோடு வருவதா, பிளக் இல்லாமல் வெறும் வயரோடு வரும் யூனிவர்சலா?

விலை: யூனிவர்சல் மலிவு. மற்றதில் பாதிப் பணம் பிளக்குக்கே போகிறதோ என்று தோன்றும்.

கழற்றுவது: இரண்டுக்கும் ஒன்றே. 22 மி.மீ. சென்சார் சாக்கெட், இளஞ்சூடான எக்ஸாஸ்ட், மரையில் கொஞ்சம் துரு நீக்கும் ஆயில்.

மாட்டுவது: பிளக் வகையில் செருகினால் முடிந்தது. யூனிவர்சலில் பழைய பிளக்கை வெட்டி நான்கு வயரையும் சேர்க்க வேண்டும். கறுப்புக்குக் கறுப்பு என்று சேர்த்தால் போச்சு! போஷ் கம்பெனி சென்சாரில் கறுப்பு சிக்னல், வெள்ளை இரண்டும் ஹீட்டர். டென்சோ கம்பெனி சென்சாரில் நீலம் சிக்னல், கறுப்பு இரண்டும் ஹீட்டர்.

நீடித்து உழைப்பது: யூனிவர்சலின் பலவீனம் அந்த இணைப்புதான். சால்டர் வைக்கவே கூடாது. பல சென்சார்கள் எக்ஸாஸ்ட் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளின் வழியாகவே இழுக்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும். கிரிம்ப் செய்து (வயர்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள்.

முதன்முறை கைவைப்பவருக்குப் பிளக் வகைதான். கிரிம்பிங் டூல் இருந்து கையும் பழகியிருந்தால், அல்லது உங்கள் மாடலுக்குப் பிளக் வகை கிடைக்கவே இல்லையென்றால் யூனிவர்சல் போதும். வைட்பேண்ட் சென்சார் (காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வகை) உள்ள காரென்றால் யூனிவர்சல் பக்கமே போகாதீர்கள்.