கண்ணாடி இழைக்கு ஒரு குறையும் இல்லை, அடாப்டர்தான் மூன்றாவது

கொக்குவிலில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் கேட்டான்: "பின்வளவு வீட்டுக்கு இணைய வயர் இழுக்கப்போகிறேன். நீங்கள் ஃபைபர் போட்டீர்களே, எப்படி இருக்கிறது?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் மூன்றாவது அடாப்டரை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வளவு ஒடுங்கி நீண்டது. முன்வீட்டில் நாங்கள், பின்னால் அனெக்ஸில் அம்மா, இடையில் நாற்பது மீட்டர். இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு மின்மானி, வேறு வேறு எர்த் (நிலத்தில் இறக்கும் கம்பி). முதலில் சாதாரணச் செப்பு வயர்தான் ஓடியது. 2021 ஏப்ரலில் ஒரு பின்னேர இடியில் இங்கிருந்த ரவுட்டரும் அங்கிருந்த சுவிட்சும் ஒன்றாகக் கருகின. மின்னல் எங்கள் கூரையில் விழவில்லை, அயலில் எங்கோ விழுந்தது. ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையில் மின்னழுத்தம் வேறுபட, நடுவில் கிடந்த செப்பு வயர் அதற்குப் பாலம் போட்டுக் கொடுத்துவிட்டது.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் ஓடும், மின்சாரம் ஓடாது. அதற்காகவே மாறினேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த கேபிளில், தூண்களுக்கிடையே தொங்கவிடுவதற்கென்று உருக்குக் கம்பி ஒன்று சேர்ந்திருந்தது. பின்கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைப்பது போன்ற வேலை! அதை மறுத்து, உலோகமே இல்லாத, சிங்கிள் மோட் என்ற வகைக் கேபிளை, இரு முனையிலும் கொனெக்டர் பொருத்தியபடியே வாங்கினேன். இரு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்ற மீடியா கன்வெர்ட்டர் என்ற பெட்டி வேண்டும். அந்தச் சோடியில் ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550இல் வாங்க வேண்டும், மற்றது நேர்மாறாக. எனக்குக் கிடைத்த இரண்டும் ஒரே வகை. ஒரு சனிக்கிழமை முழுவதும் விளக்கு எரியவில்லையென்று பாவம், கேபிளைத்தான் திட்டினேன்.

ஒரு கன்வெர்ட்டரை மாற்றிய பிறகு அந்தக் கேபிளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அணில் கேபிள் போகும் குழாயைக் கடித்துப் பார்த்தது, விட்டுவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியும் இடித்துத் தள்ளியது, ஒரு பெட்டியும் கருகவில்லை. சுவர்ப் பிளக் வழியாக வரும் இடிக்கு இது மருந்தல்ல. ஆகையால் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்ற இன்றும் ஓடுகிறேன்.

மின்சாரம் ஓடாது என்பதுதான் இப்போது என் வழக்கும். செப்பு இருந்த காலத்தில் அனெக்ஸின் வைஃபை பெட்டிக்கு வேண்டிய மின்சாரமும் அதே வயரில் போனது. மின்சாரம் நின்றால் பட்டரியில் ஓடவைக்கும் முன்வீட்டு யூபிஎஸ் ஒன்றே இரண்டு வீட்டு இணையத்தையும் தாங்கியது. இப்போது பின்னால் கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட், வைஃபைக்கு 12 வோல்ட், இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர். கடற்காற்றில் அவற்றின் முனைகள் பச்சை பிடிக்கின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்டுபோன ஞாயிற்றுக்கிழமை, முன்வீட்டு ரவுட்டர் யூபிஎஸ்ஸில் மின்னிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டார்: "தம்பி, அக்காவின் முகம் அப்படியே நின்றுவிட்டது." ரொறன்ரோவில் அக்கா இருக்கிறாள், இங்கே இணையம் இருக்கிறது, நடுவில் நாற்பது மீட்டர் கண்ணாடி பழுதில்லாமல் இருக்கிறது. பின்வீட்டில் ஐந்து வோல்ட் இல்லை!

பின்னால் வைக்க இன்னொரு சிறிய யூபிஎஸ் வாங்கினேன். அதன் பட்டரி ஒரு வருடத்தில் ஊதிவிட்டது.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வேண்டாம், பேசாமல் செப்பையே போடு" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், அவனுடைய பின்வளவு வீட்டுக்கும் தனி மின்மானி என்பது நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்தேன். லைன் பிஸி.