பெண் குழந்தைப் பெயர் ஆப்: பெயர் தேட நல்லது, பொருளை நம்பாதீர்கள்

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் தேடும் வேலை பெரியம்மாவான என்னிடம் வந்து சேர்ந்தது. அவளும் அவள் வீட்டுக்காரரும் கேட்டது ஒன்றுதான்: தமிழ்ப் பெயராக இருக்கணும், யாராவது பொருள் கேட்டால் தயங்காமல் சொல்ல முடியணும். அதற்காக ஒரு பெயர் ஆப்பை இறக்கி, இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு இரண்டையும் நன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. தோழிகள் வைத்திருந்த வேறு சிலவற்றையும் வாங்கிப் பார்த்ததில், பட்டியலும் பிழையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன, ஒன்றிலிருந்து இன்னொன்று எடுத்துப் போட்டது போல. ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுப்பேன், அதில் இரண்டு ஒரே ஒரு வசதிக்காக.

முதலில் அந்த வசதி. அம்மா ஒரு போனில், அப்பா ஒரு போனில் உள்ளே போய், ஒவ்வொரு பெயராக வரும்போது பிடித்ததைக் குறித்துக்கொண்டே போகலாம், மற்றவர் எதைக் குறித்தார் என்று தெரியாது, இருவருக்கும் பிடித்தது மட்டும் தனிப் பட்டியலாகச் சேரும். இது எவ்வளவு பெரிய உதவி என்பது வீட்டில் பெயர்ப் பேச்சு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒருவர் ஆசையாகச் சொன்ன பெயரை இன்னொருவர் "அது என் கிளாஸ்ல படிச்ச பொண்ணு பேரு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார், அப்புறம் அவர் சொல்வதை இவர் தள்ளுவார். இங்கே யார் மனமும் நோகாமல், இருவரும் ஒத்துப்போகும் பெயர்கள் மட்டும் கண்முன் வந்து நின்றன. என் தங்கையின் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், கேட்டால் "உங்களுக்குப் பிடிச்சதை வைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் குறித்து வைத்திருந்த பெயர்களைப் பார்த்தால் அத்தனையும் இயற்கையோடு சேர்ந்தவை, நிலா, முல்லை, தென்றல், குறிஞ்சி என்று. மனதுக்குள் அவருக்கு இவ்வளவு ஆசை இருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எழுத்து எண்ணிக்கை ஃபில்டர் நன்றாக வேலை செய்கிறது. மூன்றெழுத்துப் பெயர் வேண்டும் என்றால் மூன்றெழுத்து மட்டும்தான் வருகிறது.

பட்டியலின் தரம்தான் பிரச்சினை. பல ஆயிரம் பெயர்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலை மெஷினில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்க்ரோல் செய்த உடனே தெரிந்துவிடுகிறது. யாழினி ஒரு இடத்தில், யாளினி இன்னொரு இடத்தில், இரண்டும் தனித்தனிப் பெயராகக் கணக்கில் வருகின்றன. கனல்மொழி என்பது கணல்மொழி ஆகியிருக்கிறது. கயல்விழிக்கு ஒரு கயள்விழி. குழந்தைக்கு வைக்கிற பெயர், சர்டிபிகேட்டில் ஏறி வாழ்நாள் முழுக்க அவள் எழுதப் போகிற எழுத்துகள், அதில் ழ எது ள எது என்று பார்க்கக்கூட ஒரு ஆளை வைக்காமல் விட்டிருப்பது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. பெயரைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும் பட்டன் ஒன்றும் இருக்கிறது, அந்தக் குரலுக்கு ழகரம் வராது, தமிழினியைத் தமிளினி என்றே படிக்கிறது.

அதைவிட மோசம், பொருள். 'அழகானவள்', 'அறிவானவள்', 'அன்பானவள்', 'தேவதை' என்ற நாலு பதிலுக்குள் பாதிப் பெயர்களை அடைத்துவிட்டார்கள். வெண்பா என்ற பெயருக்கு 'வெண்மையான பெண்' என்று போட்டிருக்கிறது. வெண்பா ஒரு பாவகை. ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்ற மற்ற மூன்றோடு சேர்த்துச் சொல்லப்படுவது, செப்பலோசையில் நடப்பது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஏதாவது ஒன்றில் முடிந்தே ஆக வேண்டும். திருக்குறள் முழுக்கக் குறள் வெண்பாதான். இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, பத்து வயதில் அந்தப் பெண் வந்து "அம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது 'வெள்ளையான பெண்' என்று சொன்னால் எவ்வளவு பெரிய செல்வத்தை அவளிடமிருந்து மறைத்துவிடுகிறோம்!

ஆதிரைக்கு 'நட்சத்திரம்' என்று மட்டும் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் அது கால்வாசிதான். மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற ஆதிரை சாதுவனின் மனைவி, மணிமேகலை கையில் வைத்திருந்த அமுதசுரபியில் முதல் பிச்சையை இட்டவள், அதற்கென்று 'ஆதிரை பிச்சையிட்ட காதை' என்று தனிக் காதையே இருக்கிறது. அவள் இட்ட சோற்றிலிருந்துதான் அந்தப் பாத்திரம் ஊர்ப் பசியைத் தீர்க்கத் தொடங்குகிறது. இந்தக் கதையைச் சொன்னதும் என் தங்கை கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அலர்விழி, அலர்மொழி என்று அலர் வரிசையில் நிறையப் பெயர்கள் வருகின்றன, எல்லாவற்றுக்கும் மலர் என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். அலர் என்றால் விரிந்த பூதான், சரி. அகப்பாடல்களில் அதே சொல் ஊரார் காதலர்களைப் பற்றித் தூற்றும் பேச்சுக்கும் வரும், திருக்குறளில் 115ஆம் அதிகாரத்தின் தலைப்பே அலர் அறிவுறுத்தல். அலர்மொழி என்று வைத்தால் தமிழ் படித்த யாராவது ஒருநாள் புன்னகைப்பார்கள். தெரிந்தே வைத்தால் பிரச்சினை இல்லை, தெரியாமல் வைக்கக்கூடாது.

அதனால் பொருளுக்கு ஆப்பை விட்டுவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் போங்கள். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேலான சொற்கள், இப்போது இணையத்தில் காசில்லாமல் தேடலாம். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் வரிசையாக, எந்த நூலில் வருகிறது என்பதோடு இருக்கும். கூட்டுப் பெயராக இருந்தால் இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க இலக்கியங்களையே உரையோடு படிக்கலாம்.

அங்கே போனால்தான் ஆப்பில் இல்லாதவை எவ்வளவு என்று தெரிகிறது. சங்க காலப் பெண்பாற் புலவர்களில் அவ்வையார் பெயர் மட்டும்தான் ஆப்பில் இருக்கிறது. புறநானூற்றில் பாடியிருக்கும் குறமகள் இளவெயினி, குறுந்தொகையில் வரும் அள்ளூர் நன்முல்லையார், வெள்ளிவீதியார், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார், இவர்கள் யாரையும் காணோம். இளவெயினி, நன்முல்லை, இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புதிதாக யாரோ உருவாக்கிய பெயர் போலவே இருக்கும், ஆனால் இரண்டாயிரம் வருடத்துப் பழசு. காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி, ஆண்டாளுக்குக் கோதை, அப்பரின் அக்கா திலகவதி, ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை. இதில் குந்தவை மட்டும் பட்டியலில் இருந்தது, அதற்கும் 'இளவரசி' என்று பொருள் போட்டிருந்தார்கள்.

நட்சத்திர ஃபில்டர் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 தொடக்க எழுத்துகள் என்பது கணக்கு. எங்கள் குழந்தைக்கு ஆயில்யம், அதற்கு டி, டு, டே, டோ. தமிழில் ட எழுத்தில் சொல் தொடங்காது, தொல்காப்பியம் சொல்கிற இலக்கணம் அது. ஆப் என்ன செய்கிறது என்றால் டினிஷா, டோஷிகா மாதிரி எந்த மொழியிலும் வேர் தெரியாத பெயர்களை வரிசையாகக் கொட்டி, எல்லாவற்றுக்கும் 'தெய்வீகமானவள்' என்று போட்டுவிடுகிறது. நம்பிக்கை உள்ளவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மாவுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஜாதகத்துக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு, கூப்பிட வேறு பெயர் வைக்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார், அந்த யோசனை எங்களுக்கு ஒத்துவந்தது.

கட்டணப் பதிப்பில் கிடைப்பது எண் கணிதம். பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி எண் சரியில்லை என்று சொல்லி, ஒரு ஏ சேருங்கள், ஒரு எச் எடுங்கள் என்று மாற்றித் தருகிறது. இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும். அதில் ஏறுகிற ஸ்பெல்லிங் ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி என்று ஆனால் பிறகு அரசிதழில் வெளியிட்டு மாற்ற அலைய வேண்டும். ழ வருகிற பெயரென்றால் ஆங்கிலத்தில் இசட் எச் போடுவதா எல் போடுவதா என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டமாகக் கேட்பார்கள், நம் குழந்தைகளுக்கு இருப்பது ஒரு பெயரும் இனிஷியலும்தான், ஆகவே இனிஷியலின் விரிவையும் எப்படி எழுதுவது என்று ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இது பற்றியெல்லாம் ஆப்பில் ஒரு வரி கிடையாது.

அப்புறம் அவசரப்படுத்துகிறது. 'இன்னும் பெயர் முடிவாகவில்லையா?' என்று காலையும் மாலையும் நோட்டிபிகேஷன். குழந்தை பெற்று உடம்பு தேறாமல் தூக்கமில்லாமல் இருக்கிற ஒரு பெண்ணின் போனில் இது ஏன் வர வேண்டும்? பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மை, ஆனால் பெயரில்லாமலே பதியலாம். பெயரைப் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு வழி இருக்கிறது. மருத்துவமனையில் பார்ம் நீட்டும்போதே ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். கிடைக்கிற நாட்களில் பெயரைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், இனிஷியலோடு எழுதிப் பாருங்கள், தாத்தா பாட்டி வாயில் எப்படி வருகிறது, செல்லமாக எப்படிச் சுருங்குகிறது என்று கேளுங்கள். இளவெயினி எங்கள் அம்மா வாயில் 'எயினி' ஆனது, கேட்கவே அவ்வளவு நன்றாக இருந்தது.

கட்டணப் பதிப்பு வேண்டாம், இருவர் சேர்ந்து குறிக்கும் வசதி இலவசத்திலேயே கிடைக்கிறது, அது போதும். கணக்கு தொடங்கும்போது குழந்தையின் பிறந்த தேதி, நேரம், ஊர், அம்மாவின் போன் நம்பர் எல்லாம் கேட்கும், 'பிறகு' என்ற சின்ன எழுத்து கீழே இருக்கிறது, அதைத் தொட்டால் எதுவும் கொடுக்காமலே உள்ளே போகலாம்.